வலி ஒண்ணும் இல்லைல்ல

தங்கப்பழத்துக்கு முதலில் கெடுதல் செய்தவள் அவர் பெற்ற மகள் சுதாதான். டாக்டர் அதற்கப்புறம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று போனில் பச்சை எழுத்தில் அனுப்பிவைத்த ரத்தப் பரிசோதனைக் கம்பெனி அதற்கும் அப்புறம். சாவு வீட்டில் வந்து உட்கார்ந்து, புண்ணியவதி வலி தெரியாமல் போய்விட்டாள் என்று கதை கட்டிய கொழுந்தியாள்மார் எல்லாருக்கும் கடைசி. மனைவி சொர்ணம் செத்ததிலிருந்து இந்த வரிசை அவர் மனதில் மாறியதே இல்லை. சில நாள் பல் துலக்கும்போது டாக்டரை முன்னால் தள்ளிப் பார்ப்பார். வாய் கொப்பளித்துத் துப்புவதற்குள் சுதா மறுபடியும் முன்னால் வந்து நின்றுவிடுவாள். அவள் வீட்டில்தான் இருக்கிறார், அவள் போடுகிற சோற்றைத்தான் தின்கிறார், அவள் வாங்கிக் கொடுத்த மெத்தையில்தான் இப்போது மல்லாந்து படுத்திருக்கிறார், அதற்காக வரிசை மாறிவிடுமா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெரும்பாக்கத்தில் பத்தாவது மாடி. காற்று வரும் என்று சொல்லித்தான் இவ்வளவு உயரத்தில் வீடு எடுத்தாளாம், வருவது காற்றில்லை, எதிர்க் கட்டடத்துச் சுவரின் வெக்கை. சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட மாத்திரையின் கசப்பு இன்னும் நாக்குக்கு அடியில் கிடக்கிறது. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், இழுத்துவிட்டு உட்காராமல் மறுபடியும் இழுக்கிறார்கள். உட்காருங்களேன் பாவிகளா. கூப்பிடுவாள், இப்போது கூப்பிடுவாள். காலையில் இட்லி வைக்கும்போதே சொல்லிவிட்டாள். "அப்பா, மத்தியானம் எனக்கு ஒரு அரைமணி நேரம் வேணும். நாளைக்கு வாடிக்கையாளர் வீட்டுக்கெல்லாம் பேட்டி எடுக்கப் போறேன். கேள்வி சரியா இருக்கான்னு முதல்ல யாரையாவது வச்சுக் கேட்டுப் பார்க்கணும்." "என்னையவா? நான் என்னத்தக் கண்டேன்?" "உங்க வீட்டுக்கும் எங்க கம்பெனி ஆளு வந்து ரத்தம் எடுத்தாங்கதானப்பா." சொல்லிவிட்டு அவள் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவரும் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தார். அந்தக் கம்பெனி ஆள் தூத்துக்குடியில் அவர் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தது ஒரே ஒரு தடவை. எடுத்தது அவர் ரத்தம் இல்லை.

ஹாலில் சுதா பேசுகிற சத்தம் கேட்கிறது. இங்கே வந்த புதிதில் யாரோடு பேசுகிறாள் என்று குழம்பிப்போவார். கம்ப்யூட்டரோடுதான். ஏஐயாம். தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை என்று வாயாலேயே சொல்வாள், அதுவும் ஒரு பெண்பிள்ளைக் குரலில் பதில் சொல்லும், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரிச் சுத்தமான தமிழில், மூச்சு வாங்காமல், தும்மாமல். அவர் அஞ்சாம் கிளாஸோடு நின்றவர், உப்பு லோடு லாரியில் ஸ்டியரிங் பிடித்தே காலத்தைக் கழித்தவர், அவருக்கு அது சொல்வதில் பாதி புரியாது, ஆனால் இன்றைக்குப் புரிகிறது, ஒவ்வொரு சொல்லும் கதவிடுக்கு வழியாக வந்து காதில் விழுகிறது. "வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்குற நம்ம சேவையை ஒருவாட்டி பயன்படுத்திட்டு அப்புறம் வராமப் போன வாடிக்கையாளருக்குக் கேள்வி எழுதணும்," என்கிறாள் சுதா. "எந்தப் பக்கமும் சாயக் கூடாது. பதிலை நாமளே அவங்க வாயில ஊட்டிவிடக் கூடாது. நான் எழுதினதைப் படிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லு. ரத்தம் எடுக்க வந்தவங்க நல்லபடியா நடந்துக்கிட்டாங்கல்ல? வலி ஒண்ணும் இல்லைல்ல?" தங்கப்பழம் மல்லாந்து படுத்த நிலையிலேயே கதவுப் பக்கம் தலையைத் திருப்பினார். அதே கேள்வி. அதே இழுப்பு. அதே வாய். கம்ப்யூட்டரில் செய்தி வாசிக்கிறவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இந்த இரண்டு கேள்விகளும் ஒரு பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்படுகின்றன. 'இல்லைல்ல' என்று முடித்தால் பெரும்பாலானவர்கள் 'இல்லை' என்றே சொல்வார்கள். கேட்பவருடைய மனம் நோகக் கூடாது என்று நினைப்பார்கள். அதற்குப் பதிலாக, 'அன்று என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்." "ஓ, ஆமால்ல," என்றாள் சுதா.

ஆமால்ல. இப்போது ஆமால்ல. ஆத்தா அப்பன் இல்லாத ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது, பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை. அந்தக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற 'ல்ல' இருக்கிறதே, அது கேள்வியே இல்லை, கதவைச் சாத்திவிட்டு உள்ளே யாரும் இல்லையே என்று வெளியே நின்று கேட்கிற மாதிரி. சாப்பிட்டாச்சுல்ல. தூங்கினீங்கல்ல. பெங்களூரில் வேலை பார்த்தபோது தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள், பஸ்ஸுக்குள் இருந்து, கன்னடத்தில் யாரோ கத்துகிற சத்தத்துக்கு நடுவே, நல்லாருக்கல்லம்மா என்று. சொர்ணம் நல்லாருக்கேன் என்பாள். வேறென்ன சொல்வாள். 'ல்ல' போட்டுக் கேட்டால் அவளுக்கு யாரையும் ஏமாற்றத் தெரியாது. பலசரக்குக் கடைக்காரன், "போன தடவ குடுத்த அரிசி நல்லாருந்துச்சுல்லக்கா?" என்பான். "ஆமா தம்பி," என்று சிரித்துவிட்டு மறுபடியும் அதே அரிசியைத் தூக்கிக்கொண்டு வருவாள். வந்து முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டே அவனுடைய குடும்பத்தையே திட்டுவாள். "அவங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானட்டி," என்று இவர் கேட்டால், "சொன்னா அவம் மொகம் செத்துப்போயிரும்," என்பாள். ஒரு கடைக்காரன் முகம் சாகக் கூடாது என்று கல்லைத் தின்றவள், பெற்ற மகள் முகத்தைச் சாகவிடுவாளா. மேட்டுத்தெருவில் பழைய டாக்டர் ஒருத்தர் இருந்தார், யார் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாலும், பணக்காரனோ மீன்காரியோ, பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான். என்ன செய்யுது? அவ்வளவுதான். கேட்டுவிட்டு நம் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சொர்ணம் அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டுவாள், மூட்டில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும். அவரும் செத்துப்போனார். அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாரும் யாரையும் என்ன செய்யுது என்று கேட்கவில்லை. புதிதாக வந்த டாக்டர், சொர்ணம் முதுகு வலி என்று போனபோது, "குனிஞ்சு நிமிர்ந்து வேலை பார்த்திருப்பீங்கல்ல?" என்றார். பார்த்திருக்கிறாள்தான். பாத்திரம் தேய்க்கிறவள் குனியாமல் எப்படி. மாரடைப்புக்கு முந்தின வலியாக இருக்குமோ என்று பார்க்காமல் களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பின் வாசம், அந்தப் பச்சைக் களிம்பின் வாசம், தலையணை உறையில், அவருடைய உள்ளங்கையில், பிசைந்த சோற்றில்கூட. முதுகில் தேய்த்துவிட்டது அவர்தான். தேய்க்கும்போது அவள், கீழே, இன்னும் கீழே, இல்ல, அங்கயும் இல்ல, உள்ள, என்றாள். உள்ளே எப்படித் தேய்ப்பது.

மேல் வீட்டு நாற்காலி நின்றுவிட்டது. இப்போது வேறு ஏதோ, அம்மி மாதிரி, மிக்ஸி மாதிரி. கூப்பிடமாட்டாளோ. சுதா பெங்களூரில் இருந்தபடியே அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக்குப் பதிவு செய்தாள், அவள் கம்பெனியாச்சே. காலையில் ஒரு பிள்ளை வந்தது, தொப்பி வைத்த பிள்ளை, சொர்ணத்தின் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடியது. சாயங்காலம் ரிசல்ட் வந்தது, அதைத் தொடர்ந்து சுதாவின் போனும் வந்தது. சொர்ணம் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்திருந்தாள். மடித்த துணி பக்கத்தில் அடுக்கியிருந்தது. "அம்மா, ரிப்போர்ட் வந்துட்டு. எல்லாம் பச்சை. நார்மல். நீதான் சும்மா பயந்துட்ட. இப்ப வலி ஒண்ணும் இல்லைல்ல?" சொர்ணம் தாடையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்திருந்தாள், பல் வலிக்காரி மாதிரி. நெற்றி முழுக்க வேர்வை. அந்தக் கையை எடுக்காமலே சொன்னாள். "இல்லட்டி. நீ சாப்பிட்டியா?" அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் வாயைத் திறந்து, இல்லை, அதற்குள் போனை வைத்துவிட்டாள், சுதா வைத்துவிட்டாள், பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். இரண்டு வார்த்தை கூடப் பேசியிருந்தால் இவர் சொல்லியிருப்பாரே. விடவில்லையே. வைத்துவிட்டாளே. என்ன செய்யுதும்மா என்று அவள் கேட்டிருந்தால் சொர்ணம் அந்தக் கையைக் கீழே இறக்கியிருப்பாள். இரண்டே சொல். மூன்று சொல்கூட இல்லை. அப்புறம் விளக்குப் பொருத்திவிட்டு வந்து அதே கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏங்க, ஜன்னலைத் தொறங்க," என்றாள். "தொறந்துதான கெடக்கு," என்றார் இவர். திறந்துதான் கிடந்தது. ஜன்னலைத் தாண்டித் தெருவில் ஐஸ் வண்டி போனதுகூடக் கேட்டது. அதன் பிறகு அவள் பேசவில்லை. பேசவில்லையே தவிரச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை அவர் அதற்கு முன்னால் எங்கேயும் கேட்டதில்லை, மாட்டிடம்கூடக் கேட்டதில்லை, லாரிக்கு அடியில் சிக்கினவனிடம்கூட. அவர் சட்டையைப் பிடித்தாள், பட்டன் தெறித்தது. எவ்வளவு நேரம். ஆட்டோ வந்து, தெருக்காரர்கள் தூக்கி, ஆஸ்பத்திரி வாசல் தெரிகிறவரைக்கும், அவ்வளவு நேரமும். கண் திறந்தேதான் இருந்தது. அவரையேதான் பார்த்தது.

இதைத்தான் சுதாவிடம் சொல்ல வேண்டும். திட்டுவதற்காக இல்லை. திட்டுவதற்காகவும்தான், ஆனால் அது அப்புறம். முதலில் இதை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். லாரியில் கொண்டுபோன சரக்கை இறக்க ஆள் வராத ஷெட்டில் ராத்திரி பகல் காத்துக்கிடந்திருக்கிறார், உப்பு வண்டியைத் தின்றுகொண்டிருக்கும், தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் கசிந்துகொண்டிருக்கும், பூட்டிய கதவு பூட்டியபடியே இருக்கும். அப்படி இருக்கிறது. தானாகச் சொல்லலாமே என்றால், அது எப்படி, சும்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் போய் உங்கம்மா எப்படிச் செத்தா தெரியுமா என்று ஆரம்பிக்க முடியுமா. அவளாகக் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை. விமானத்தில் வந்து இறங்கினாள், வாசலில் கால் வைப்பதற்குள் கொழுந்தியாள் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வலி தெரியாமப் போயிட்டாட்டி ஒங்கம்மா, தூங்குற மாதிரில்லா போயிட்டா," என்று ஒப்பாரி வைத்தாள். அந்த வீட்டில் அந்த நேரத்தில் கொழுந்தியாள் இருக்கவே இல்லை, பக்கத்து ஊர் ஏரலில் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். சுதா திரும்பி அவரைப் பார்ப்பாள், பார்த்து, அப்படியாப்பா என்று கேட்பாள் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பார்க்கவில்லை. அன்றைக்கு இல்லை, பதினாறாம் நாள் இல்லை, வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அவரை இங்கே கூட்டிவந்த அன்றைக்கும் இல்லை. மாத்திரை போட்டாச்சுல்லப்பா. கீழ நடந்துட்டு வந்தீங்கல்லப்பா. ராத்திரி தூக்கம் வந்துச்சுல்லப்பா. வந்துச்சும்மா, வந்துச்சும்மா. இப்போதெல்லாம் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எந்தக் கன்னம்? சொர்ணம் கையை வைத்திருந்தது எந்தக் கன்னத்தில்? முதலில் நன்றாகத் தெரிந்திருந்தது. போன மழைக்காலம் வரைக்கும் தெரிந்திருந்தது. இப்போது கண்ணை மூடினால் கை வருகிறது, வேர்வை வருகிறது, பக்கம் மட்டும் மாறி மாறி வருகிறது. படுத்தபடியே தன் கையை எடுத்து ஒரு தாடையில் வைத்துப் பார்க்கிறார். மறு கையை எடுத்து மறு தாடையில் வைத்துப் பார்க்கிறார். எதிரே உட்கார்ந்து பார்த்தவருக்கு இடது வலது மாறித்தானே தெரியும், அதையும் மாற்றிப் போட்டுப் பார்க்கிறார். இதில் ஒன்றுதான். இரண்டில் ஒன்று தெரியவில்லை என்றால் நாளைக்கு ஜன்னலும் போய்விடும். அதன் பின்னால் சத்தமும் போய்விடும். போய்விட்டால் அந்த இடத்தில் கொழுந்தியாள் சொன்னது வந்து உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிற மாதிரிப் போனாள் என்று அவரே யாரிடமாவது சொல்லுவார். சொர்ணம் அவ்வளவு பாடுபட்டதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது.

"அப்பா, முழிச்சிட்டீங்கல்ல? வாங்க." ஹாலில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. போனை டம்ளர்மேல் சாய்த்து நிறுத்தியிருந்தாள், பதிவு ஆகுமாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தள்ளிவைத்துவிட்டு, கேள்வி அச்சடித்த தாளைக் கையில் எடுத்தாள். "இப்ப நான் உங்க மக இல்ல, கேட்டீங்களா. கம்பெனில இருந்து வந்திருக்கேன். வணக்கம் தங்கப்பழம் சார்." "சாரா? ஒங்காத்தா கேட்டா சிரிப்பா." வாயில் வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. "உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க சார்." "லாரி ஓட்டினேன். கண்ணு மங்கினதும் விட்டுட்டேன். இப்ப மக வீட்ல இருக்கேன்." "எங்க சேவை இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" "எம் மக சொன்னா." அவள் தாளைப் பார்த்தாள். அடுத்த கேள்வி எது என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அந்தக் கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்தது.  "நீங்க கடைசியா எங்க சேவையைப் பயன்படுத்தின நாள்ல என்ன நடந்துச்சு? முதல்ல இருந்து சொல்லுங்க." கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள், அது சொன்ன மாதிரியே. இவ்வளவு நாளில் இந்த வீட்டில் இப்படி ஒரு மௌனம் இருந்ததில்லை. 'ல்ல' இல்லாத, எந்தப் பக்கமும் சாயாத, அகலமான மௌனம், அதற்குள் வண்டியைத் திருப்பலாம் போல. தங்கப்பழம் தொண்டையைச் செருமினார். "காலைல ஒரு பிள்ள வந்துச்சு. தொப்பி போட்ட பிள்ள. நரம்பு கெடைக்கல, தட்டித் தட்டிப் பார்த்துச்சு. நல்ல பிள்ளதான். ஒங்கம்மா அதுக்கு மோர் குடுத்தா." சுதா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "அப்புறம் துணி துவைச்சா. வேண்டாம்னேன். கேக்கல. சாயங்காலம் துணி மடிச்சுக்கிட்டிருந்தா. அப்பதான் ஒம் போன் வந்துச்சு. ரிப்போர்ட் வந்துட்டுன்ன." சுதா தாளை மேசையில் வைத்தாள். "அவ போனைக் கட்டில்ல வச்சிருந்தா. கைய வந்து, கைய இப்படி வச்சிருந்தா." கை தானாக மேலே போயிற்று. இடது கன்னம். இடதுதான், யோசிக்கவே இல்லை, கைக்குத் தெரிந்திருக்கிறது, பாவி கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சொல்லலாம், இனிமேல் எல்லாம் வரும், ஜன்னல் வரும், ஐஸ் வண்டி வரும். "நெத்தியெல்லாம் வேர்த்து, அவ..."

"அப்பா." கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "அப்பா, அம்மா ரொம்பக் கஷ்டப்படலைல்ல?"

அந்தக் கை கன்னத்திலேயே இருந்தது. இல்லைல்ல. படலைல்ல. அவளுக்குத் தெரியும், தெரியாமலா இவ்வளவு நாள் கேட்காமல் இருந்தாள், தெரிந்துதான் தினமும் மாத்திரையைக் கேட்டாள், தூக்கத்தைக் கேட்டாள், இதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் முகம் மேசைக்கு அந்தப் பக்கம் மிக அருகில் இருந்தது, உதடு கோணி, மூக்கு சிவந்து, நாற்பதை நெருங்குகிற முகம். இவர் ஒரு சொல் சொன்னால் அது செத்துப்போகும். சொல்லு, என்று உள்ளே ஒருவன் முட்டினான். வரிசையில் முதல் ஆள் இவள்தான், சொல்லு, ஆட்டோவில் கண் மூடவே இல்லை என்று சொல்லு, சட்டை பட்டனைச் சொல்லு. வாயைத் திறந்தார். நாக்கில் இருந்தது களிம்பின் கசப்பா மாத்திரையின் கசப்பா தெரியவில்லை.

"இல்லம்மா," என்றார். "படல."

சுதா மூச்சை விட்டாள். சொர்ணம் செத்த அன்றைக்குப் பிடித்த மூச்சை இப்போதுதான் விடுகிறாள் போல அவ்வளவு நீளமாக விட்டாள். "அதான். சித்தியும் அப்படித்தான் சொன்னாங்க," என்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். மேசையைச் சுற்றி வந்து அவர் தோளை ஒரு அழுத்து அழுத்தினாள். அப்புறம் போனை எடுத்துப் பதிவை நிறுத்தினாள். "கேள்வி நல்லா வந்திருக்குப்பா," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நீங்களே இவ்வளவு பேசிட்டீங்கன்னா, நாளைக்கு வாடிக்கையாளருங்க நல்லாப் பேசுவாங்க." தங்கப்பழம் கையைக் கன்னத்திலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். மேல் வீட்டில் மறுபடியும் நாற்காலியை இழுத்தார்கள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவர் இறக்க வேண்டிய சரக்கு இறங்கவில்லை, பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது, அந்தக் கடன் இன்னும் அவள் பேரில்தான் நிற்கிறது. நாளைக்குக் காலையில் சுதா அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்புவாள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில், அவர்கள் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பாள். கேட்டுவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை பேசாமல் இருப்பாள்.